பாதியில் நின்றுபோகும் டிவிடி ரைட்டர்

கேள்வி: கல்யாண வீடியோவை டிவிடியில் பதிய, லேப்டாப்பில் யூஎஸ்பி வழியாகச் செருகும் ஸ்லிம் ரைட்டர் ஒன்று வாங்கினேன். படம் நன்றாக ஓடுகிறது. பதியும்போது மட்டும் நடுவில் இணைப்பு அறுந்து நின்றுவிடுகிறது. டிஸ்க்குகள் வீணாகின்றன. கோளாறு டிஸ்க்கிலா, ரைட்டரிலா?
- வாசகர், விருதுநகர்

பதில்: பெரும்பாலும் மின்சாரப் பற்றாக்குறைதான். படிக்கும்போது லேசருக்குக் குறைந்த சக்தி போதும். பதியும்போது பல மடங்கு வேண்டும். ரைட்டரின் அடியில் ஒட்டியுள்ள லேபிளைப் பாருங்கள். பல மாடல்களில் 5 வோல்ட்டுக்கு 1 ஆம்பியருக்கு மேல் போட்டிருக்கும். ஆனால் யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர்; 3.0 போர்ட் தருவது 900. மின்னழுத்தம் இறங்கியதும் ரைட்டர் தானாக அணைந்து எழும். விண்டோஸ் அதை யாரோ பிடுங்கிவிட்டதாக எடுத்துக்கொள்ளும்.

இது வடிவமைப்பின் குற்றம். முன்பு பல ரைட்டர்களோடு இரண்டு முனை கொண்ட கேபிள் தந்தார்கள், அல்லது அடாப்டர் செருகத் துளை வைத்தார்கள். இப்போது மலிவு மாடல்களில் கழற்ற முடியாத ஒரே ஒரு மெல்லிய கேபிள்தான். சில ரூபாய் மிச்சம் பிடிக்க வாங்குபவரின் டிஸ்க்கைப் பாழாக்குவதை ஏற்கவே முடியாது.

எக்ஸ்டென்ஷன் கேபிள் வேண்டாம். சொந்த மின்சாரம் இல்லாத ஹப் (ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) நிலைமையை இன்னும் மோசமாக்கும். லேப்டாப்பைச் சார்ஜரில் போட்டு, 3.0 போர்ட்டில் நேராகச் செருகுங்கள். அப்படியும் நின்றால், 5 வோல்ட் 2 ஆம்பியருக்குக் குறையாத அடாப்டருடன் வரும் ஹப் வாங்கி, அதில் ரைட்டரை மட்டும் இணையுங்கள்.

சோதித்துப் பார்க்க, அழித்து எழுதக்கூடிய ஆர்டபிள்யூ டிஸ்க்கையே பயன்படுத்துங்கள். பதியும் மென்பொருளிலுள்ள ‘டெஸ்ட் மோடு’ (பதியாமல் ஒத்திகை மட்டும் பார்ப்பது) இங்கே உதவாது. அதில் லேசர் முழுச் சக்தியில் எரிவதில்லை, அதனால் இந்தக் கோளாறு வெளியே தெரியாது. வேகத்தை 4எக்ஸில் வையுங்கள். நொடிக்கு சுமார் 5.5 எம்பி; முழு டிஸ்க்குக்குக் கால் மணி நேரம் ஆகும்.

எங்கே நிற்கிறது என்பதும் ஒரு தடயம். பதிவு உள்வட்டத்திலிருந்து வெளிப்புறம் நோக்கிப் போகும். தொடங்கியதுமே ‘பவர் கேலிப்ரேஷன் எரர்’ (டிஸ்க்குக்கு ஏற்ற லேசர் சக்தியை ரைட்டரால் கணிக்க முடியவில்லை என்ற செய்தி) வந்தால் வேறு பிராண்டு டிஸ்க்கில் முயலுங்கள். லென்ஸில் தூசி இருக்கிறதா என்றும் பாருங்கள். எப்போதும் கடைசிப் பகுதியில் நின்றால், டிஸ்க்கின் ஓரம் தரமற்றதாக இருக்கலாம். கம்ப்யூட்டர் மெதுவானது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். டேட்டா வரத் தாமதமானால் காத்திருந்து தொடரும் வசதி இன்றைய டிவிடி ரைட்டர்களில் உண்டு.

இன்னொன்று: 4.7 ஜிபி டிஸ்க்கை விண்டோஸ் 4.37 ஜிபி என்றே காட்டும். ஃபைல் அதற்குள் அடங்க வேண்டும்.

கேள்வி: ஸ்லிம் ரைட்டரில் டிஸ்க் கடகடவென்று சத்தமிடுகிறது. சில நேரம் தட்டு திறப்பதே இல்லை.
- வாசகி, கரூர்

பதில்: ஸ்லிம் வகையில் மோட்டாரும் லென்ஸும் தட்டிலேயே இருக்கும். டிஸ்க்கைச் சும்மா வைத்தால் போதாது. ஒரு கையால் தட்டை அடியில் தாங்கி, மறு கையால் டிஸ்க்கின் மையத்தை ‘க்ளிக்’ என்று கேட்கும்வரை அழுத்துங்கள். தாங்காமல் அழுத்தினால் தட்டு வளையும்.

திறக்காவிட்டால் கேபிளைப் பிடுங்கி, டிஸ்க் சுழல்வது நிற்கட்டும். முன்பக்கச் சிறு துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பை நேராகச் செலுத்தி அழுத்துங்கள். தட்டு கொஞ்சம் வெளியே வரும். மீதியைக் கையால் மெதுவாக இழுக்கலாம். இந்தத் துளை இல்லாத மாடலை வாங்கவே வேண்டாம்.