வாசகர் கேள்வி பதில்: லாக் புக்கைப் பிரவுசருக்கு மாற்றும்போது

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் வெற்றிட பம்புக்கும் உலைக்கும் தனித்தனி லாக் புக் எழுதுகிறோம். பிரவுசரில் எழுதும் முறைக்கு மாற விரும்புகிறோம். டேட்டாபேஸ் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. எதைப் போடலாம்? (ஆய்வக உதவியாளர்)

பதில்: உங்கள் நிலைமைக்கு 'எலாக்' சரியாக வரும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் ஆய்வு நிறுவனத்தில் ஸ்டெஃபான் ரிட் எழுதிய இலவச மென்பொருள் இது. மைஎஸ்க்யூஎல் போன்ற டேட்டாபேஸும் வேண்டாம், அப்பாச்சி போன்ற தனி வெப் சர்வரும் வேண்டாம். 'எலாக்டி' என்ற ஒரே நிரல்தான் வெப் சர்வர் வேலையையும் பார்க்கிறது. நீங்கள் மாற்றாதவரை 8080 போர்ட்டில் ஓடும். லினக்ஸ் போட்ட பழைய டெஸ்க்டாப் ஒன்றே போதும்.

அமைப்பு முழுவதும் 'எலாக்டி.சிஎஃப்ஜி' என்ற டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கும். மேலே பொதுப் பகுதி, கீழே ஒவ்வொரு லாக் புக்குக்கும் சதுர அடைப்புக்குறிக்குள் பெயரிட்ட ஒரு பகுதி. தமிழில் எழுதப் போகிறீர்கள் என்றால் பொதுப் பகுதியில் எழுத்துக் குறியாக்கத்தைச் சொல்லும் 'சார்செட்' வரியை, தமிழை ஏற்கும் யுடிஎஃப்-8 என்று முதலிலேயே வைத்துவிடுங்கள்.

நிறுவுவது அரை நாள் வேலைகூட இல்லை. உண்மையில் யோசிக்க வேண்டியது 'ஆட்ரிபியூட்ஸ்' வரியை, அதாவது ஒவ்வொரு பதிவிலும் நிரப்ப வேண்டிய கட்டங்களை. எழுதியவர், கருவி, வகை, தலைப்பு: இந்த நான்கோடு தொடங்குங்கள். பத்துக் கட்டம் வைத்தால் இரவு ஷிஃப்டில் இருப்பவர் எழுதவே மாட்டார். கருவிக்கும் வகைக்கும் 'ஆப்ஷன்ஸ்' வரி எழுதி, பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி செய்யுங்கள். கையால் அடிக்க விட்டால் 'பம்பு 2', 'பம்ப்-2', '2ஆம் பம்பு' என்று ஒரே கருவி மூன்றாகப் பிரியும். பிறகு அந்தப் பம்பின் எண்ணெய் எப்போது மாற்றப்பட்டது என்று தேடினால் பாதிதான் வரும்.

கட்டத்தின் பெயரைப் பின்னால் மாற்றாதீர்கள். பழைய பதிவுகளில் பழைய பெயரே எழுதப்பட்டிருக்கும், அதனால் பட்டியலில் அந்த இடம் வெறுமையாகத் தெரியும். மாற்றியே ஆக வேண்டுமென்றால் நிரலை நிறுத்தி, பேக்கப் எடுத்து, பதிவு ஃபைல்களிலும் பெயரை மாற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கேள்வி: ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் எலாக் ஓடுகிறது. மின்சாரம் போய் வந்த பிறகு எழுதியவை பழைய தேதியில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. ஏன்?

பதில்: பை 4-இல் பேட்டரியோடு கூடிய கடிகாரம் இல்லை. மின்சாரம் வந்ததும் கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே ஓடத் தொடங்கும். இணையத்திலிருந்து சரியான நேரம் கிடைக்கும்வரை அது பின்தங்கியேதான் இருக்கும். எலாக், பதிவு நேரத்தை சர்வரிடமிருந்துதான் எடுக்கிறது. ஃபைல் பெயரும் தேதிதான்: 2024 மார்ச் 5-இல் எழுதியது 240305 என்று தொடங்கும் ஃபைலுக்குள் போகும்.

இணைய நேரம் யுடிபி 123 போர்ட் வழியாகத்தான் வருகிறது; வளாக ஃபயர்வால் அதை அடைத்திருந்தால் நேரம் வரவே வராது. முதலில் அதைச் சரிபாருங்கள். வளாகத்துக்குள்ளேயே நேர சர்வர் இருந்தால் அதன் முகவரியை வாங்கிப் போடுங்கள். இல்லையென்றால் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு உள்ள சிறு பலகையை, பையில் இதுபோன்ற சில்லுகளை இணைப்பதற்கான ஐ-ஸ்கொயர்-சி பின்களில் மாட்டிவிடலாம். இரண்டில் எதைச் செய்தாலும், நேரம் சரியான பிறகே எலாக்டி தொடங்கும்படி அதன் சேவைக் கோப்பில் வரிசையை அமையுங்கள். நேரம் தவறிய லாக் புக்கை வைத்து எந்தப் பழுதையும் தேட முடியாது.

கேள்வி: எலாக்குக்கு முன்னால் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வரை வைத்து எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான இணைப்பு) கொடுத்தோம். போனில் எடுத்த படங்களை இணைத்தால் 413 பிழை வருகிறது. லாகின் செய்தால் பக்கம் 8080-க்குத் தாவுகிறது.

பதில்: என்ஜின்எக்ஸ் தானாக 1 எம்பிக்கு மேல் ஏற்காது. அதன் 'கிளையண்ட் மேக்ஸ் பாடி சைஸ்' அளவை 20 எம்பி ஆக்குங்கள். எலாக்கிலும் ஒரு வரம்பு உண்டு, ஏறத்தாழ 10 எம்பி. 'மேக்ஸ் கன்டென்ட் லெங்த்' வரியில் பைட் கணக்கில் அதையும் உயர்த்துங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பெரிய படத்துக்கு மறுபடி தடை வரும். தாவலுக்குக் காரணம், வெளி முகவரி எதுவென்று எலாக்குக்குத் தெரியாததுதான். பொதுப் பகுதியில் 'யுஆர்எல்' வரியில் எச்டிடிபிஎஸ் முகவரியை முழுதாக எழுதுங்கள்.

கேள்வி: எழுதியதைப் பின்னால் யாரும் திருத்தாமல் தடுக்க முடியுமா?

பதில்: பிரவுசர் வழியாகத் தடுக்கலாம். 'ரெஸ்ட்ரிக்ட் எடிட்' 1 என்று வைத்தால் அவரவர் பதிவை மட்டுமே திருத்த முடியும். ஆனால் எழுதியவர் பெயர் லாகினிலிருந்தே வர வேண்டும், அந்தக் கட்டம் பூட்டப்பட்டிருக்கவும் வேண்டும். இல்லாவிட்டால் இந்தத் தடைக்குப் பொருளில்லை. 'ரெஸ்ட்ரிக்ட் எடிட் டைம்' 24 என்றால் ஒரு நாளுக்குப் பின் திருத்த முடியாது. 'மெனு கமாண்ட்ஸ்' வரியிலிருந்து டெலீட்டையும் எடுத்துவிடுங்கள். திருத்தம் இருந்தால் ரிப்ளையாக எழுதட்டும். தவறும் திருத்தமும் இரண்டுமே தெரிவதுதான் நல்லது.

சர்வருக்குள் நுழையக்கூடியவரை இவை எதுவும் தடுக்காது. பதிவுகள் வெறும் டெக்ஸ்ட்: மேலே கட்டங்கள், நடுவே சமக்குறிகளால் ஆன கோடு, கீழே நீங்கள் எழுதியது. எந்த எடிட்டரிலும் மாற்றலாம். ஆகவே தினமும் இரவு பதிவுகள் உள்ள ஃபோல்டரை, நகலெடுக்கும் நிரலான ஆர்சிங்க் மூலம், வேறொருவர் பொறுப்பில் உள்ள கணினிக்கு நகலெடுங்கள். பழைய நாள்களின் நகல்களை அழிக்காமல் வையுங்கள்; மேலெழுதினால் மாற்றப்பட்டதும் சேர்ந்து நகலாகிவிடும். நகலிலிருந்து மீட்டால் எலாக்டியை மறுதொடக்கம் செய்ய மறக்காதீர்கள். பதிவுகளின் அட்டவணையை அது தொடங்கும்போதுதான் படித்து வைத்துக்கொள்கிறது.