நல்ல கேமரா இருந்தும் கெட்டிமேளத்தில் சத்தம் ஏன் கிழிகிறது?
ஈரோட்டுப் பக்கம் கல்யாணம் எடுக்கிறீர்கள், எக்ஸ்எல்ஆர் (மூன்று முனை கேபிள்) மைக் போட்டும் கெட்டிமேளம் கரகரக்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காரணம் ஆட்டோ லெவல்தான், அதாவது ஒலி அளவைக் கேமராவே கூட்டிக் குறைக்கும் வசதி. மங்கல வாழ்த்துப் பாட்டு தனிக்குரலில் ஓடும்போது கேமரா கெயினை (ஒலியைப் பெருக்கும் அளவை) ஏற்றி வைத்திருக்கும்; தவில் விழுந்த நொடியில் மீட்டர் சிவப்பைத் தொட்டுவிடும். அப்படி வெட்டுப்பட்ட ஒலியை, 24 பிட் என்ற உயர் தரத்தில் பதிந்திருந்தாலும், எடிட்டிங்கில் முழுதாக மீட்க முடியாது.

ஆட்டோவை அணைத்துவிட்டு, தவில்காரர் தட்டிப் பார்க்கும்போதே லெவலை மைனஸ் 12 டெசிபல் பக்கம் வையுங்கள். நான் ஒரே மைக்கை இரண்டு சேனலுக்கும் கொடுத்து, இரண்டாவதை 10 டெசிபல் குறைத்து வைப்பேன். முதலாவது கிழிந்தாலும் அது காப்பாற்றும்.

அப்புறம், மண்டபத்து மிக்ஸரிலிருந்து லைன் (நேரடி ஒலி இணைப்பு) எடுத்தால் கேமராவில் உள்ள சுவிட்சை மைக்கிலிருந்து லைனுக்கு மாற்றுங்கள். கேமரா கேபிள் வழியாக அனுப்பும் 48 வோல்ட் மின்சாரம் அங்கே வேண்டாம், அது மின்சாரம் தேவைப்படும் கண்டென்சர் வகை மைக்குக்கு.