வாசகர் கேள்வி – பதில்: வரைபடத்துக்கு முன்னே வரவேண்டியவர்கள்

கேள்வி: எங்கள் நூலகத்தையொட்டிப் பயன்படாமல் கிடக்கும் கூடத்தை, இப்பகுதியில் அகதிகளாக வந்து தங்கியிருக்கும் இளையோர் கூடிப் பழகும் இடமாக மாற்ற இருக்கிறோம். கட்டடக் கலைஞர் வரைபடத்தை முடித்துத் தந்துவிட்டார். சுவர்களில் அந்த இளையோரைக் கொண்டே ஓவியம் தீட்டச் செய்ய எண்ணுகிறோம். வேறு எவ்வகையில் அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம்?

பதில்: உங்கள் அக்கறை கடிதம் முழுவதும் தெரிகிறது. ஆயினும் வேலை தலைகீழாகத் தொடங்கிவிட்டது என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். வாசல் எங்கே, இருக்கை எங்கே, கதவைத் திறப்பவர் யார் என்பதையெல்லாம் பெரியவர்கள் தீர்மானித்துவிட்டு, வண்ணம் பூச மட்டும் இளையோரை அழைப்பது பங்கேற்பு ஆகாது. ரோஜர் ஹார்ட் என்னும் ஆய்வாளர், 1992இல் யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில், குழந்தைகளின் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வகுத்தார். ஏய்த்துப் பயன்படுத்துதல், அலங்காரமாக நிறுத்துதல், ஒப்புக்குச் சேர்த்துக்கொள்ளுதல் ஆகிய கீழ் மூன்று படிகளை அவர் பங்கேற்பாகவே கணக்கில் கொள்ளவில்லை. உங்கள் ஓவியத் திட்டம் இப்போது அங்கேதான் நிற்கிறது.

வரைபடத்தைச் சிறிது காலம் ஒதுக்கி வையுங்கள். வெறும் கூடத்துக்கே அவர்களை வரவழைத்து, அட்டையால் செய்த மாதிரியையும், நகர்த்தக்கூடிய சிறிய மேசை நாற்காலிகளையும் அவர்கள் கையில் கொடுங்கள். இத்தகைய ஓர் அமர்வில் நான் கண்டதை மறக்க முடியவில்லை. வட்டமாக அடுக்கப்பட்டிருந்த நாற்காலிகளுள் ஒன்றை மட்டும் ஒரு சிறுமி எடுத்து, முதுகு சுவரோடு ஒட்டி, முகம் வாசலைப் பார்க்கும்படி மூலையில் வைத்தாள். காரணம் எதுவும் சொல்லவில்லை. சிறிது நேரத்தில் வேறு இருவரும் தத்தம் நாற்காலியை அவ்வாறே திருப்பினார்கள். வருபவர் யார் என்று தெரிய வேண்டும், தேவைப்பட்டால் எழுந்து வெளியேற வழி இருக்க வேண்டும் என்பதை எந்த வினாத்தாளும் அவ்வளவு தெளிவாக எங்களுக்குச் சொல்லியிருக்காது.

வீட்டை இழந்தவர்களுக்கு இடத்தைப் பற்றிய அறிவு குறைவதில்லை. 2012இல் ஜோர்டானில் திறக்கப்பட்ட சாத்தாரி முகாமில், வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த பெட்டி வீடுகளைச் சிரியக் குடும்பங்கள் தாமே இடம் மாற்றி, நடுவில் முற்றம் அமைத்துக்கொண்டன. உங்களிடம் வரும் இளையோருக்கும் அத்தகைய கருத்துகள் இருக்கும். அவற்றுள் சில உங்களுக்குப் பிடிக்காமலும் போகலாம். ஆகவே செலவுத் தொகையில் ஒரு பகுதியை அவர்களே முடிவு செய்து செலவிடட்டும். அவர்கள் வந்துபோகும் பயணச் செலவையும், செலவிடும் நேரத்துக்கான ஊதியத்தையும் கொடுத்துவிடுங்கள்.

நுழைவாயிலில் உயரமான மேசைக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து பெயரும் அடையாள அட்டையும் கேட்பது, அவர்கள் நாள்கணக்கில் காத்திருந்த அலுவலகங்களை நினைவூட்டும். அதைத் தவிருங்கள். குடும்பத்தோடு பேச உதவும் இணைய இணைப்பும் கைபேசிக்கு மின்னேற்றும் வசதியும் அவர்களுக்கு அலங்காரங்களைவிட முக்கியமானவை. பெண்பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று பிறகு வியப்பதைவிட, நேரம், வெளிச்சம், உள்ளே தாழிடக்கூடிய கழிப்பறை, தம்பி தங்கையரைக் கூட்டிவர அனுமதி ஆகியவற்றை அவர்களிடமே முதலில் தனியாகக் கேட்டறிவது நல்லது.

கேள்வி: எங்கள் மையத்தில் கலந்துரையாடல் வைத்தால் இளையோர் வருகிறார்கள், ஆனால் எதைக் கேட்டாலும் “எல்லாம் நன்றாக இருக்கிறது” என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: அவர்கள் நிலையில் நின்று பாருங்கள். புகலிட விண்ணப்பத்தின்போது அவர்கள் சொன்ன ஒவ்வொரு பதிலும் முன்பு சொன்னதோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கப்பட்டிருக்கும். கேள்வி கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்று வாழ்க்கையே அவர்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது. உதவி செய்பவரிடம் குறை சொன்னால் நன்றி கெட்டவர் ஆகிவிடுவோமோ என்ற அச்சமும் இருக்கும். எனவே எப்படி வந்தீர்கள், வழியில் என்ன நடந்தது என்ற பேச்சை எடுக்கவே வேண்டாம்.

கரோலின் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகியோர் 1990களில் சீனாவின் யுன்னான் மாகாணக் கிராமப்புறப் பெண்களின் கையில் கேமராவைக் கொடுத்து, அவர்கள் எடுத்த படங்களிலிருந்தே உரையாடலைத் தொடங்கினார்கள். இம்முறை உங்களுக்கும் பொருந்தும். சுற்றுப்புறத்தில் நிம்மதியாக இருக்கும் இடங்களையும் கால் வைக்கவே தயங்கும் இடங்களையும் படமெடுத்து வரச் சொல்லுங்கள். பேச்சு அவர்களைப் பற்றியதாக இல்லாமல் படத்தைப் பற்றியதாக இருக்கும். முகங்கள் மட்டும் அதில் வர வேண்டாம். ஊரில் விட்டுவந்த உறவினருக்கு அதனால் ஆபத்து நேரக்கூடும். மொழி தெரிந்த பிள்ளையையே மற்றவர்களுக்கு மொழிபெயர்க்க வைக்காமல் தனியாக ஒருவரை அமர்த்துங்கள். இல்லாவிட்டால் அந்தப் பிள்ளையின் கருத்தைக் கேட்க வழியே இராது.

அடுத்த முறை அவர்கள் வரும்போது, சென்ற முறை சொன்னவற்றுள் எதைச் செய்தீர்கள், எதைச் செய்யவில்லை, ஏன் என்பதை அவர்கள் மொழியிலேயே எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள்.