அடித்ததை அவரே எழுதிக் கொடுத்திருக்கிறார்

கேள்வி: எங்களுக்கு ஊர் பல்லடம் பக்கம். கல்யாணமாகி பதினோரு வருசம், ஒரு பையன், ஒரு பெண். வீட்டில் நாலு விசைத்தறி. கூலி கட்டுப்படியாகாமல் தறி நின்ற பிறகு, மூன்று வருசமாக நான் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு ஓவர்லாக் டெய்லராகப் போகிறேன். சனிக்கிழமை சம்பளம் அப்படியே என் கணவர் கைக்குப் போய்விடும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வேன் இறங்கி வருவதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டினால் அடி. போன மாதம் நெற்றியில் நாலு தையல். ஆஸ்பத்திரியில் பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லிவிட்டேன். அன்று இரவு தங்கைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பங்காளிகளும் மாமன் வீட்டாரும் கூடிப் பேசி, பத்திரத்தில் எழுதி இருவரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். பத்தே நாளில் மறுபடி அடி. இப்போது காங்கேயத்தில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவள் கேஸ் போட முடியாது என்கிறார் பெரிய மாமா. வீடு மாமியார் பேரில். என் 18 பவுன் கணவர் பேரில் அடமானத்தில் இருக்கிறது. அவரை ஜெயிலில் போட வேண்டும் என்பதல்ல, அடி நிற்க வேண்டும். என்ன செய்வது?

பதில்: பத்திரத்திலிருந்தே தொடங்குகிறேன் அம்மணி. நீங்கள் அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கி இரண்டு தடவை படித்தேன். இருபது ரூபாய் முத்திரைத்தாள். உங்கள் பங்குக்கு மூன்று வரி: கம்பெனி வேலைக்குப் போக மாட்டேன், செல்போன் வைத்துக்கொள்ள மாட்டேன், மாமியார் சொல் தட்ட மாட்டேன். அவர் பங்குக்கு ஒரே வரி: "இனிமேல் என் மனைவியைக் கை நீட்டி அடிக்க மாட்டேன்." கீழே அவர் கையெழுத்து, ஐந்து பெரியவர்களின் சாட்சிக் கையெழுத்து.

அந்த "இனிமேல்" என்ற சொல்லைப் பாருங்கள். இதுவரை அடித்தேன் என்பதைத்தானே அது சொல்கிறது? உங்களைக் கட்டிப்போட எழுதிய தாளில், அவர் தன் தப்பை ஒப்புக்கொண்டு சாட்சியோடு கையெழுத்துப் போட்டிருக்கிறார். இருபது வருட வக்கீல் தொழிலில் இப்படி ஆவணம் தானாக வந்து விழுவது அபூர்வம். உங்கள் பெரிய மாமாவுக்கு நன்றி சொல்லத் தோன்றுகிறது.

உங்களைக் கட்டுப்படுத்தும் மூன்று வரிக்கு என்ன மதிப்பு? சட்டப்படியான தொழிலைச் செய்யவிடாமல் தடுக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது. 1872-ஆம் வருட ஒப்பந்தச் சட்டம், பிரிவு 27. பத்துப் பேர் சுற்றி உட்கார்ந்து வாங்கிய கையெழுத்து மனமொப்பிப் போட்டதுதானா என்று கேட்கவும் வழியிருக்கிறது. அதைவிட முக்கியம், குடும்ப வன்முறைச் சட்டப்படி நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை எந்தப் பத்திரத்தாலும் பிடுங்க முடியாது.

அந்தப் பஞ்சாயத்தில் எனக்கு உறுத்தியது வேறொன்று. அடித்தவர் அவர். ஆனால் பேச்செல்லாம் உங்கள் வேலையையும் போனையும் பற்றி. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்திருக்க மாட்டார்கள். பொம்பளை சம்பாதித்தால் வீட்டில் சண்டை வரும், அதனால் சம்பாத்தியத்தை நிறுத்திவிட்டால் சண்டை நிற்கும் என்பது அவர்கள் கணக்கு. அந்தக் கணக்கில் அவர் கைக்கு இடமே இல்லை.

வில்லியம் குட் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1971-லேயே எழுதினார்: பணம், மரியாதை, பதவி எல்லாம் இருக்கிறவருக்கு வீட்டில் கையை ஓங்கத் தேவை குறைவு, அவை கைவிட்டுப் போனால் மிஞ்சுவது உடல் பலம்தான் என்று. தறி ஓடியவரை உங்கள் வீட்டில் வரவு செலவு அவர் கையில் இருந்தது. தறி நின்றது, வரவு உங்கள் பக்கம் வந்தது. "ஆம்பளைதான் குடும்பத்தைத் தாங்கணும்" என்று அவருக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்த வேடம் பொருந்தாமல் போனது. உங்கள் வேடமோ மாறவே இல்லை. கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட், வீட்டுக்கு வந்தால் அடுப்படியில் இன்னொரு ஷிப்ட். இதைச் சொல்வது அவருக்குச் சப்பைக்கட்டு கட்ட அல்ல. தறி நின்ற வீடுகளில் எல்லாரும் அடிப்பதில்லையே. நீங்கள் வேலையை விட்டாலும் அடி நிற்காது என்பதற்காகச் சொல்கிறேன். நின்றுபோவது உங்கள் சனிக்கிழமைச் சம்பளம் மட்டும்தான்.

தேசியக் குடும்பநல ஆய்வில் (2019-21) தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் 38 பேர் கணவனின் வன்முறையைச் சந்தித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். சரியாகச் சமைக்காதது, மாமனார் மாமியாரை மதிக்காதது போன்ற காரணங்களில் ஏதாவது ஒன்றுக்காவது கணவன் அடிப்பது நியாயம் என்று அதே ஆய்வில் சொன்ன பெண்கள் முக்கால்வாசிக்கு மேல். உங்கள் அம்மாவே "அனுசரிச்சுப் போ கண்ணு" என்று சொல்வதில் ஆச்சரியம் என்ன?

சட்டம் இந்த இடத்தில் வேறு மாதிரி யோசிக்கிறது. நீங்கள் நல்ல மனைவியா என்று அது கேட்பதில்லை. என்ன நடந்தது என்று மட்டும்தான் கேட்கிறது. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டம் அடியை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. திட்டுவது, அவமானப்படுத்துவது, சம்பளத்தைப் பிடுங்குவது, சீதன நகையைக் கைவசப்படுத்துவது எல்லாம் அதில் வரும். உங்கள் பணத்தையும் நகையையும் மனுவில் தயங்காமல் எழுதுங்கள்.

முதலில் பாதுகாப்பு உத்தரவு (பிரிவு 18) கேளுங்கள். அது வந்த பிறகு அவர் உங்கள் மேல் கை வைத்தால், வீட்டுச் சண்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. அது தனிக் குற்றம். ஒரு வருடம் வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உத்தரவை மீறினார் என்பதை உங்கள் ஒருவரின் சாட்சியத்தை வைத்தே நீதிமன்றம் முடிவு செய்யலாம். நீங்கள் கேட்டது இதுதான்: ஜெயில் இல்லை, ஆனால் அடித்தால் ஜெயில். பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த குற்றவியல் சட்டம்) பிரிவு 85-ன் கீழ், மனைவியைக் கொடுமைப்படுத்தியதாகப் போலீஸ் புகார் என்பது இன்னொரு கதவு. மூன்று வருடம் வரை தண்டனை உள்ளது. அதை மூட வேண்டாம், இன்றைக்கே திறக்கவும் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வீடு மாமியார் பேரில் இருப்பதால் பயப்பட வேண்டாம். பதினோரு வருடம் மருமகளாக வாழ்ந்த வீடு. மாமனார் மாமியாரின் சொந்த வீடானாலும் அது "பகிர்ந்து வாழ்ந்த வீடு" ஆகலாம் என்று 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தேவைப்பட்டால் கணவரை அந்த வீட்டைவிட்டு வெளியே இருக்கச் சொல்லி உத்தரவு கேட்கலாம். மாமியாரை அப்படி வெளியேற்ற முடியாது, பெண்கள் மேல் அந்த உத்தரவுக்குச் சட்டத்திலேயே தடை இருக்கிறது. ஒரே கூரையில் இருக்க மனமில்லை என்றால் தனி வீட்டுக்கு வாடகை கேளுங்கள். நான் உங்கள் இடத்தில் இருந்தால் இதைத்தான் கேட்பேன். குழந்தைகளின் பொறுப்பு, பராமரிப்புச் செலவு, நகையை மீட்டுத் தருவது எல்லாம் இதே மனுவில் சேரும். நகைக்குக் கல்யாண ஆல்பத்தையும் கடை பில்லையும் தேடி எடுங்கள்.

மனுவைப் பல்லடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை. தற்காலிகமாகத் தங்கியிருக்கும் இடத்து மாஜிஸ்திரேட் நீதிமன்றத்திலும் போடலாம், அதாவது காங்கேயத்திலேயே. முதல் விசாரணை மூன்று நாளில், 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடப்பு அப்படி இல்லை, ஒளித்துப் பேசுவானேன். அதனால் முதல் நாளே பிரிவு 23-ல் இடைக்கால உத்தரவு கேட்கச் சொல்லுங்கள். திருப்பூர் மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார். குடும்ப நிகழ்வு அறிக்கையை அவர் எழுதி நீதிமன்றத்துக்கு அனுப்புவார். வக்கீல் பீஸுக்கும் கவலை வேண்டாம், வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்குச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி உண்டு (போன் 15100). நடுராத்திரி ஆபத்து என்றால் பெண்கள் உதவி எண் 181.

அப்புறம் அந்த "வழுக்கி விழுந்தேன்". ஆஸ்பத்திரிச் சீட்டில் அப்படித்தான் இருக்கும், எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் எடுப்பார். மறைக்காதீர்கள். அன்று பக்கத்தில் யார் நின்றார், ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பிரமாணப் பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். தையல் போட்ட இரவு தங்கைக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜை, தங்கையின் போனிலிருந்து அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லுங்கள். போன் மாற்றினாலும் பழைய போனை விற்க வேண்டாம்.

பத்திரத்தின் அசல் யாரிடம் என்று நீங்கள் எழுதவில்லை. உங்களிடம் இருந்தால் ஒரு கவரில் போட்டு வையுங்கள், லேமினேஷன் செய்ய வேண்டாம். பெரிய மாமாவிடம் இருந்தால், கேஸ் பேச்சை எடுக்காமல் முதலில் அதை வாங்கிக்கொள்ளுங்கள்.