சீனாவில் ஹாட்பாட் கடையில் சாப்பிட்டதுண்டா? அந்தக் காரம் நமக்குத் தாங்குமா? முதல் முறை போகிறவர்கள் எதைக் கவனிக்க வேண்டும்?

சாப்பிட்டிருக்கிறேன். 2018-ல் வேலை விஷயமாக நான்கு மாதம் செங்டுவில் இருந்தேன். சிச்சுவான் மாகாணத்தின் தலைநகர். தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு ஹாட்பாட் கடை வாசலில்தான் விழ வேண்டும். சீனத்தில் இதற்கு ஹுவோகுவோ என்று பெயர். ஹுவோ என்றால் நெருப்பு, குவோ என்றால் சட்டி. மேசை நடுவே கொதிக்கிற சாற்றில் கறியையும் காயையும் நாமே முக்கி வேகவைத்துச் சாப்பிடுவது.

முதலில் காரத்துக்கு வருகிறேன். நான் விருதுநகர்க்காரன், வற்றல் மண்டி நெடியிலேயே வளர்ந்தவன். அந்த மிதப்பில், கூட வந்த அலுவலக நண்பர் "வெய்லா போதும்" என்றபோது நான் கேட்கவில்லை. வெய்லா என்றால் லேசான காரம். எனக்கு நடுக்காரம்தான் வேண்டும் என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நடுவில் தடுப்பு வைத்த சட்டியாகக் கொண்டுவரச் சொன்னார். ஒரு பக்கம் சிவப்பு, மறுபக்கம் காளான் போட்ட வெள்ளைச் சாறு. யுவான்யாங் சட்டி என்பார்கள். ஜோடி பிரியாத மாண்டரின் வாத்துகளின் பெயர் அது. அன்றைக்கு என் மானத்தைக் காப்பாற்றியது அந்தத் தகரத் தடுப்புதான்.

சாதாரணக் கடை. முதுகு சாய்க்க இடமில்லாத ஸ்டூல், மேசை நடுவில் ஓட்டை, அதற்குள் கேஸ் அடுப்பு. உட்கார்ந்ததும் கழுத்தில் மாட்ட ஒரு ஏப்ரன், செல்போனைப் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் உறை. சட்டி வந்தபோது சிவப்புப் பக்கத்தில் பெரும்பாலும் குழம்பே இல்லை. செங்கல் மாதிரி உறைந்த ஒரு கொழுப்புக் கட்டி, அதன்மேல் குவியலாக வற்றல் மிளகாய். அடுப்பைப் பற்றவைத்ததும் கட்டி ஓரத்திலிருந்து இளகி, சாய்ந்து, முழுகியது. மிளகாய் மட்டும் மிதந்தது.

அப்புறம் ஆளுக்கொரு சின்ன டின் வைத்தார்கள். குளிர்பானம் என்று நினைத்து வளையத்தை இழுத்துத் திறந்து வாய்வரை கொண்டுபோய்விட்டேன். மூக்குதான் தடுத்தது. நல்லெண்ணெய்! வறுத்த எள்ளில் எடுத்தது, நம்முடையதைவிட வாசனை தூக்கல். அதைக் கிண்ணத்தில் ஊற்றி, நசுக்கிய பூண்டும் கொத்தமல்லியும் போட்டு, வெந்ததை இதில் முக்கித்தான் சாப்பிட வேண்டும். இட்லிப் பொடிக்கு எண்ணெய் விடுகிற நமக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. மிளகாயின் உறைப்பு தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். சூடும் கொஞ்சம் தணியும். பெய்ஜிங் பக்கம் போனால் கதையே வேறு: செப்புச் சட்டி, கரி நெருப்பு, ஆட்டிறைச்சி, தொட்டுக்கொள்ள எள் விழுது.

சரி, நடுக்காரம் என்ன ஆனது? மிளகாயை என்னால் சமாளிக்க முடிந்தது. என்னைச் சாய்த்தது ஹுவாஜியாவோ என்கிற சிச்சுவான் மிளகு. பெயரில்தான் மிளகு, கொங்கணக் கடற்கரையில் மீன் குழம்புக்குப் போடும் திர்ப்பலின் சொந்தக்காரன். கடித்தால் எரியாது. முதலில் எலுமிச்சைத் தோல் வாசனை, பிறகு உதடு துடிக்கும், பிறகு பல் டாக்டர் ஊசி போட்ட மாதிரி மரத்துப்போகும். தண்ணீர் குடித்தால் தண்ணீரின் ருசியே மாறியிருக்கும். இந்தத் துடிப்பை லண்டனில் ஆய்வாளர்கள் 2013-ல் அளந்து பார்த்திருக்கிறார்கள். நொடிக்குச் சுமார் 50 முறை அதிர்வது போல உதடு உணர்கிறதாம். நம் வீட்டுக் கரண்டின் அதிர்வெண்ணும் அதேதான். காரமும் மரப்பும் சேர்ந்ததைத்தான் அங்கே மாலா என்கிறார்கள். நம் ஊர்க் காரப் பழக்கம் பாதிக்குத்தான் உதவும், மறுபாதிக்கு நமக்குப் பயிற்சியே கிடையாது.

சமைப்பது கடைக்காரர் இல்லை, நாம்தான். எல்லாம் பச்சையாகவே மேசைக்கு வரும். மாட்டு இரைப்பையின் மடிப்பை (கறிக்கடையில் போட்டி என்போமே, அந்த வகை) சாப்ஸ்டிக்கில் பிடித்தபடியே 'ஏழு ஏற்றம், எட்டு இறக்கம்' என்று கொதியில் முக்கி முக்கி எடுக்க வேண்டும். மொத்தமே 15 நொடி. நண்பர் எடுத்தது மொறுமொறுவென்று இருந்தது. நான் பேச்சு சுவாரசியத்தில் சாப்ஸ்டிக்கை நழுவவிட்டு, இரண்டு நிமிடம் கழித்துத் துழாவி எடுத்தது சைக்கிள் டியூப். பக்கத்துப் பெருநகரமான சோங்சிங்கின் படகுத்துறைக் கூலியாட்கள் மலிவாகக் கிடைத்த குடலையும் இரைப்பையையும் காரத்தில் போட்டுத் தின்றதிலிருந்து வந்த சாப்பாடு என்பார்கள். இன்றைக்கு அந்த இரைப்பைத் தட்டுக்குத்தான் விலை அதிகம்.

அடுத்து என் மகா தவறு. சோறு வாங்கி, சிவப்புச் சாற்றைக் கரண்டியில் மொண்டு குழம்பு மாதிரி ஊற்றப் போனேன். நண்பர் பாய்ந்து என் கையைப் பிடித்துவிட்டார். அது வேகவைக்கிற எண்ணெய், யாரும் குடிப்பதில்லை. பஜ்ஜி போட்ட எண்ணெயைச் சோற்றில் ஊற்றுகிறவனை நாம் எப்படிப் பார்ப்போமோ, பக்கத்து மேசையும் என்னை அப்படித்தான் பார்த்தது.

கீரையைச் சிவப்புப் பக்கம் போடாதீர்கள். இலை மடிப்பெல்லாம் மிளகாய் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு வரும், கறியைவிட அதுதான் மோசம். தாமரைத் தண்டும் உருளைக்கிழங்கும் தாங்கும்.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களுக்கு ஒன்று: அந்தச் சிவப்புக் கட்டி மாட்டுக் கொழுப்பு. தாவர எண்ணெயில் செய்து தருவீர்களா என்று கேளுங்கள், சில கடைகளில் தருவார்கள். வெள்ளைச் சாறு என்றதும் சைவம் என்று நம்பிவிட வேண்டாம், பெரும்பாலும் எலும்பு வேகவைத்த சாறுதான். சுத்த சைவம் என்றால் காளானா தக்காளியா என்று பார்த்து, அதிலும் எலும்புச் சாறு கலந்திருக்கிறதா என்று கேட்டுவிட்டு, தனிச் சட்டியாகச் சொல்வதே நல்லது.

நல்ல சட்டை போட்டுக்கொண்டு போகாதீர்கள். நான் போட்டிருந்த ஸ்வெட்டரை மூன்று நாள் பால்கனியில் தொங்கவிட்டேன். நான்காம் நாள் அதைப் போட்டுக்கொண்டு லிஃப்டில் ஏறினேன். பின்னால் நின்ற பெரியவர் இரண்டு தடவை மோந்து பார்த்துவிட்டு, எந்தக் கடை என்று கேட்டார்.