வயதான தாயார் அடிக்கடி தடுமாறி விழுகிறார், என்ன செய்யலாம்?

பழைய வண்ணாரப்பேட்டையில் மாடி வீட்டில் வசிக்கும் 72 வயதான உங்கள் தாயார் ஆறு மாதத்தில் இரண்டு முறை விழுந்ததை, வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிட வேண்டாம். கண், உட்செவி, பாதத்தின் உணர்வு ஆகிய மூன்றும் தரும் செய்திகளை மூளை இணைத்து, கால் தசைகள் உடனுக்குடன் ஈடுகொடுப்பதால்தான் நாம் நிமிர்ந்து நிற்கிறோம். நீரிழிவால் பாதம் மரத்தோ, தொடைத் தசை மெலிந்தோ போயிருந்தால், கண்ணும் உதவாத இருட்டில் தடுமாற்றம் எளிதில் வந்துவிடுகிறது.

பயிற்சியே முதன்மையானது என்பது என் கருத்து. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் மெல்ல எழுந்து அமர்வதைப் பத்து முறையும், சமையல் மேடையைப் பிடித்தபடி ஒரு பாதத்தின் குதிகாலை மற்றதன் விரல்நுனியை ஒட்டி வைத்து 10 விநாடி நிற்பதையும், ஒருவர் அருகில் இருக்க, வாரத்தில் 3 நாட்களாவது செய்யட்டும். காசிமேட்டுப் பக்கம் காலையில் நடப்பது நல்லதுதான். ஆனால் நடை மட்டும் போதாது.

எழுந்தவுடன் தலை சுற்றினால், படுத்தும் நின்றும் ரத்த அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். தூக்க மாத்திரை உட்பட அனைத்தையும் மருத்துவரிடம் காட்டுங்கள். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

வீட்டு நடையில் தண்ணீர்க் குடங்களை வரிசையாக வைக்கும் நம் பகுதி வழக்கத்தில், குடங்களோடு அவற்றிலிருந்து சிந்தும் ஈரமும் ஆபத்து. குறுகிய மாடிப்படிக்கும் குளியலறைக்கும் கைப்பிடி பொருத்துங்கள்.