அலாரம் இன்னும் நாலரைக்கு அடிக்கிறது

மேடத்துக்கு வணக்கம்.

எனக்குப் பதினேழு வயது. மண்டபம் பக்கம் கடற்கரைக் கிராமம். அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார், அம்மா கருவாட்டு வேலைக்கு. மார்ச் கடைசியில் பிளஸ் டூ பரீட்சை முடிந்தது. முடிந்ததும் அரியமான் கடற்கரைக்குப் போகணும், பாட்டி வீட்டில் பத்து நாள் தங்கணும் என்று நானும் தோழியும் நோட்டில் லிஸ்டே எழுதி வைத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை.

இரண்டு வருடமாக நாலரைக்கு அலாரம், ஐந்தரைக்கு டியூஷன், பள்ளி, அப்புறம் ஸ்பெஷல் கிளாஸ். வீடு திரும்ப ஏழரை ஆகும். இப்போது படிக்க எதுவும் இல்லை. ஆனாலும் அலாரத்தை நான் அணைக்கவில்லை. நாலரைக்கு முழித்து, நெஞ்சு படபடக்க உட்கார்ந்துவிட்டு மறுபடி படுத்தால் பத்து மணி வரை எழ முடியவில்லை. தலை வாரக் கை தூக்கினாலே ஓய்ந்துபோகிறது, குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது. கடைசிப் பரீட்சை அன்று துவைத்துப் போட்ட யூனிஃபார்ம் இன்னும் மடிக்காமல் நாற்காலியில் கிடக்கிறது. காலேஜ் அப்ளிகேஷனை நிரப்ப போனை எடுத்தால் பெயர் போடுவதோடு மூடிவிடுகிறேன்.

அம்மா, “பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே, இன்னும் என்னடி?” என்கிறார். மீன்பிடித் தடைக்காலத்தில் அப்பாகூடச் சும்மா இல்லை. படகைக் கரையேற்றிச் சுரண்டுகிறார், பெயின்ட் அடிக்கிறார். நான் மட்டும் படுத்தே கிடக்கிறேன். சமயத்தில் எதுவுமே வேண்டாம் போல இருக்கிறது. தோழி இதை ‘பர்ன் அவுட்’ என்கிறாள். எனக்குச் சோம்பேறித்தனமோ என்று பயம்.

— மண்டபம் வாசகி

அன்புள்ள மகளுக்கு,

சோம்பேறிக்கு நாலரைக்கு நெஞ்சு படபடக்காது. அதனால் அந்தப் பயத்தை இப்போதே விட்டுவிடலாம்.

உன் தோழி சொன்ன சொல்லைப் பற்றி ஒரு விஷயம். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் பர்ன் அவுட்டை நோய் என்று சொல்லவில்லை, வேலையிடத்து நெருக்கடி தீராமல் தொடர்வதால் வரும் சோர்வு நிலை என்றுதான் விளக்கியது. கறாராகப் பார்த்தால் மாணவர்கள் அந்த விளக்கத்துக்குள் வரமாட்டார்கள். ஆனால் நாலரையிலிருந்து ஏழரை வரை நீ பார்த்தது வேலை இல்லையென்றால் வேறு எது வேலை? நாய் துரத்தி ஓடும்போது காலில் முள் குத்தியது தெரியாது, நின்ற பிறகுதான் வலிக்கும். பரீட்சை முடிந்த பிறகு அசதி வருவதும் அப்படித்தான்.

அப்பாவோடு உன்னை ஒப்பிடுகிறாய் அல்லவா? அங்கேதான் கணக்குத் தப்புகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாளும் கரையில் சுரண்டுவதும் பெயின்ட் அடிப்பதும் ஆட்கள். படகு சும்மாதான் நிற்கிறது. அதை யாரும் சோம்பேறிப் படகு என்று சொல்வதில்லை. இந்தத் தடைக்காலத்தில் நீ அப்பா இல்லை, படகு.

ஆனால் எல்லாவற்றையும் மனசின் தலையில் கட்டவும் எனக்கு விருப்பமில்லை. குடம் தூக்கினால் மூச்சு வாங்குகிறது என்று எழுதியிருக்கிறாயே, அதை முதலில் பார்க்க வேண்டும். பள்ளியில் வாராவாரம் கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை விழுங்கினாயா, ஜன்னல் வழியே எறிந்தாயா? (கேட்டால் பாதிப் பேர் சிரிப்பார்கள்.) மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமா? எழுந்து நின்றால் கண் இருட்டுகிறதா? ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் ரத்தம் பரிசோதித்துக்கொள். ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே இருந்தால் அது ரத்தசோகை, மருந்தில் சரியாகும். தைராய்டும் பார்க்கணுமா என்று டாக்டரிடம் கேள். சாப்பிட்ட கையோடு டீ குடிக்காதே, உணவில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேராமல் அது தடுக்கும்.

அடுத்தது, நீ போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரி. ‘எதுவுமே வேண்டாம்’ என்றால் பரீட்சையும் படிப்பும் வேண்டாமா, அல்லது உயிரோடு இருப்பதே வேண்டாமா? நேராகக் கேட்கிறேன், நீயும் நேராகப் பதில் சொல்லலாம். இரண்டாவது என்றால் இன்றைக்கே அம்மாவிடமோ அப்பாவிடமோ சொல், 14416-ஐ அழை. அது டெலி மனஸ், அரசின் இலவச மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அப்படி இல்லை, ஆனால் பிடித்த எதிலும் மனம் ஒட்டாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போகிறது என்றாலும் மருத்துவரைப் பார்க்கத் தயங்காதே.

அப்ளிகேஷனைத் தனியாகத் திறக்காதே. தோழியைக் கூப்பிட்டு உட்கார வை, நாளுக்கு அரை மணி, ஒரு பக்கம், போதும். படுக்கையில் போன் வேண்டாம். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அப்பா வேலை செய்யும் கரைக்குப் போய்ச் சும்மா உட்கார். பெயின்ட் டப்பாவை எடுத்துக் கொடு என்றால் கொடு, அதற்கு மேல் செய்யாதே.

அம்மாவிடம், “பரீட்சை முடிஞ்சதாலதாம்மா அசதி தெரியுது” என்று சொல்லிப் பார். கருவாட்டு வேலை முடித்து வந்து உட்கார்ந்த பிறகுதான் இடுப்பு வலி தெரியும் என்பது அவருக்குத் தெரியாததா?

ஒரு வாரம் கழித்து எழுது. ரத்தப் பரிசோதனையில் என்ன வந்தது, அலாரத்தை அணைத்தாயா, இரண்டும் வேண்டும். யூனிஃபார்ம் நாற்காலியிலேயே கிடந்தால் கிடக்கட்டும்.